கேரக்டர் எங்கே நிற்கும்? பழைய கார்ட்டூன்களின் பின்னணி ஓவியத்தைப் பார்க்கும் முறை

2003-ல் சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் பிஜி ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தேன். பிஜி என்றால் பேக்ரவுண்ட். ஸ்டூடியோவுக்குள் யாரும் அதை முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் வாரம் என் மேஜைக்கு வந்தது ஒரு சமையலறை. இரண்டரை நாள் குனிந்த தலை நிமிராமல் வரைந்தேன். அடுப்பு மேடையில் பித்தளைப் பாத்திரம், அதன் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம், சுவரில் காரை பெயர்ந்த இடம், கொடியில் துணி, தரையில் கல் கல்லாகக் கோடு. எங்கள் சூப்பர்வைசர் பின்னால் வந்து வெகுநேரம் நின்று பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கம்மா. கேரக்டர் எங்க நிக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் ஒரு தாளில் பையன் உருவத்தைக் கத்தரித்து எடுத்து, என் சமையலறையில் ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினார். பாத்திரத்துக்கு முன்னால் வைத்தால் அதன் பளபளப்பு பையனின் காதிலிருந்து முளைத்தது. கொடிக்குக் கீழே வைத்தால் சேலையும் அவன் சட்டையும் ஒன்றாகிப்போயின. தரையில் வைத்தால் கல் கோடுகள் அவன் காலை வெட்டின. அன்று சாயங்காலம் அந்தப் படத்தில் பாதியை நானே வெளிர் மஞ்சளால் மூடினேன். பையன் வந்து நின்றான்.

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எந்தக் கார்ட்டூனைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். பழைய கார்ட்டூன்களில் ஓடுகிறவர்களைத் தாண்டி, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் மலையையும் வானத்தையும் ரசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும் என்பது என் அனுபவம். அதைக் கேட்கும் விதத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

பார்ப்பதற்கு முன்

போனில் பார்க்காதீர்கள், லேப்டாப்பாவது வேண்டும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் இரவு வசதி ஒன்று இருக்கிறதல்லவா, அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு வானத்தின் நிறத்தைக்கூட நம்ப முடியாது. டிவியில் பார்த்தால், கலரைத் தூக்கிக் காட்டும் செட்டிங்கையும் அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கையும் நிறுத்துங்கள்.

அடுத்தது படத்தின் வடிவம். 1953-க்கு முன்னால் வந்த அமெரிக்கக் கார்ட்டூன்கள் ஏறத்தாழ சதுரத்துக்குப் பக்கமான 4:3 வடிவில் எடுக்கப்பட்டவை. அகலத்திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டிய பிரதிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கூரையும் தரையும் போய்விடும். ஓவியர் கேரக்டருக்காக ஒதுக்கிய தரையே இல்லாமல் எதைப் பார்ப்பது? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதியைத் தேடுங்கள்.

கம்ப்யூட்டரில் யூடியூப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும், காற்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் பின்னே வரும். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஏழு நிமிஷக் கார்ட்டூனில் பத்தாயிரம் ஃப்ரேம் இருக்கிறது. நமக்கு வேண்டியது அவற்றில் ஒரு பத்துப் பதினைந்து.

முதல் முறை வழக்கம்போல் சிரித்துப் பாருங்கள். இரண்டாவது முறை சத்தத்தை நிறுத்துங்கள். இந்தப் படங்களின் இசை ஓடுகிறவன் பின்னாலேயே நம் கண்ணை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி எழுதப்பட்டது. சத்தம் இல்லாவிட்டால் கண் தானாகவே அறைக்குள் உலாவ ஆரம்பிக்கும்.

காலி அறையைப் பிடியுங்கள்

டாம் அண்ட் ஜெர்ரியில் தொடங்கச் சொல்வேன். நம் வீடுகளில் அதைப் பார்க்காத ஆள் இல்லை, கதை தெரியும் என்பதால் கவனம் சிதறாது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பேராவும் எம்ஜிஎம் நிறுவனத்தில் 1940 முதல் 1958 வரை இந்தப் படங்களை எடுத்தார்கள். அந்த வீட்டின் சுவர்களையும் தரையையும் பெரும்பாலும் வரைந்தவர் ராபர்ட் ஜென்டில் என்ற ஓவியர். 1940-களில் வந்த பல படங்களின் டைட்டில் அட்டையில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

துரத்தல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எலியும் பூனையும் ஒரு பக்கத்திலிருந்து வந்து மறு பக்கம் வெளியே போகும். பூனையின் வால் நுனி மறைந்த பிறகு, அடுத்த ஷாட் வருவதற்கு முன், ஒரு சில ஃப்ரேம்களுக்கு அறை காலியாக நிற்கும். அங்கே நிறுத்துங்கள். நாற்பது ஐம்பது தடவை பார்த்த அந்த வீட்டுக்குள் முதல் முறையாக நீங்கள் மட்டும் இருப்பீர்கள்.

இப்போது கண்ணைப் பாதி மூடி, இமைக்குள்ளிருந்து பாருங்கள். ஓவியம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இது. நுணுக்கமெல்லாம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரியும். நடுத் தரையில் வெளிச்சம் பாய் விரித்த மாதிரி கிடக்கும். மூலைகள் இருண்டிருக்கும். சோபாவின் கை, திரைச்சீலை, மேஜையின் கால் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். கல்யாண வீட்டுக் கூடத்தில் மணவறைக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு வழி விடுகிறோமே, அந்த மாதிரி. அங்கேதான் கேரக்டர் நிற்கும். அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, காட்சியைப் பின்னால் நகர்த்திச் சரிபாருங்கள். பத்துக்கு எட்டு முறை விரல் சரியாக இருக்கும்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது? எலி பார்க்கும் உயரத்தில். சுவரின் அடிப்பலகை ஒரு மதில் மாதிரி உயர்ந்து நிற்கும், நாற்காலிக்குக் கால்தான் தெரியும், வீட்டு அம்மாளுக்கும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் உடம்பு. அந்த வீட்டில் மனிதர் முகம் தெரியாததை எல்லாரும் கவனித்திருப்போம். அதற்குப் பொருந்துகிற மாதிரி சுவரும் மேஜையும் உயர்ந்து போனதைக் கவனித்திருக்க மாட்டோம்.

பிறகு சுவரின் நிறம். பூனை நீலச்சாம்பல், எலி பழுப்பு. ஒரே சுவருக்கு முன்னால் இரண்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு படத்தில் பத்து இடங்களில் நிறுத்தி, சுவர் என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். எந்த நிறங்கள் அந்தப் பட்டியலில் வரவே இல்லை என்று யோசியுங்கள். அந்தப் பட்டியலைப் போட்ட அன்றுதான் நான் மஞ்சளால் மூடிய சமையலறையின் காரணம் எனக்கு முழுதாக விளங்கியது.

1954 முதல் இதே தொடரில் சினிமாஸ்கோப் படங்கள் வந்தன. திரை அகலமாகிவிட்டது, அறையில் பொருள் குறைந்துவிட்டது, நிழல் போய்த் தட்டையான நிறம் வந்தது. பலர் அதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் குடியிருக்க ஆசை வருமா என்று கேட்டால், பழைய வீட்டுக்குத்தான் என் ஓட்டு.

எது அசையும், எது அசையாது

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலைவனத்தில் வேகமாக ஓடும் பறவையின் கார்ட்டூனான ரோட் ரன்னர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அத்தை, அந்தக் கல்லு விழப்போகுது பாருங்க."

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"அது மட்டும் வேற கலர்ல இருக்கு."

மூன்று நொடியில் கல் விழுந்தது. உலகத்தில் எந்தக் குழந்தையும் இதைக் கண்டுபிடித்துவிடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் பின்னணியைப் பார்க்கும் கண் இன்னும் கூர்மையாகும்.

அந்தக் காலத்துக் கார்ட்டூனில் ஒவ்வொரு ஃப்ரேமும் குறைந்தது இரண்டு அடுக்கு. அடியில் தாளிலோ அட்டையிலோ வரைந்த பின்னணி. அதன் மேல் செல் என்கிற கண்ணாடி போன்ற தாள். அசைகிற எல்லாவற்றையும் செல்லில்தான் வரைய வேண்டும். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் தட்டையாக ஒரே நிறப் பூச்சு. செல் மாறிக்கொண்டே இருக்கும், பின்னணி அப்படியே கிடக்கும். பின்னணியில் ஓவியர் தூரிகைத் தடம் விடலாம், ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் கரையவிடலாம், ஈரத்தில் பரவவிடலாம். செல்லில் அது நடக்காது. நூற்றுக்கணக்கான செல்களில் ஒரே மாதிரி கரைப்பது மனித சாத்தியம் இல்லை. அதனால் விழப்போகிற கல், திறக்கப்போகிற கதவு, வெடிக்கப்போகிற பெட்டி எல்லாம் தட்டையாக, கோடு கட்டி, தனியாகத் தெரியும்.

இதைப் பயிற்சியாகச் செய்யுங்கள். ஒரு காட்சியை நிறுத்தி, திரையில் எது செல், எது பிஜி என்று பிரித்துச் சொல்லுங்கள். மரம் பிஜி. மரத்தின் ஒரு கிளை மட்டும் செல்லா? அப்படியானால் யாரோ அதில் தொங்கப்போகிறார்கள். முன்பக்கம் ஓரமாக ஒரு பாறை, கேரக்டர் அதற்குப் பின்னால் போய் மறைகிறதா? அது ஓவர்லே, பின்னணி ஓவியரே தனியாக வரைந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது.

ரோட் ரன்னரின் முதல் படம் 1949-ல் வந்தது. அதில் ஒரு காட்சியை நான் மாணவர்களுக்கு எப்போதும் போட்டுக் காட்டுவேன். பறவையைத் துரத்தும் ஓநாய் மாதிரியான கயோட்டி ஒரு பாறைச் சுவரில் பெயின்ட் டப்பாவோடு போய்ச் சுரங்கப்பாதை ஒன்றை வரைகிறது. பறவை வந்து மோதிச் சாகட்டும் என்று திட்டம். பறவை வருகிறது, வரைந்த சுரங்கத்துக்குள் நேராக ஓடிப் போய்விடுகிறது. பின்னாலேயே ஓடிய கயோட்டி சுவரில் மோதிக் கீழே விழுகிறது. இதை ஒரு பிஜி ஆர்ட்டிஸ்டாக யோசித்துப் பாருங்கள். பாறையும் ஓவியம், சுரங்கமும் ஓவியம். அதே அளவு தட்டை, அதே அளவு பொய். இரண்டில் ஒன்றை மட்டும் நாம் கல் என்று நம்பியிருந்தோம். பின்னணி ஓவியம் நம்மிடம் என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் காட்டியதில்லை.

1953-ல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'டக் அமக்' இதே விஷயத்தை ஒரு முழுப் படமாக்கியது. டஃபி வாத்து கத்தியைச் சுழற்றிக்கொண்டு கோட்டைக்கு முன்னால் நகர, பின்னணி பாதியில் தீர்ந்து வெறும் வெள்ளையாகிறது. சீன் போடுங்கள் என்று அது கெஞ்சுகிறது. பண்ணை வருகிறது, அதற்கேற்ற உடையோடு வாத்து வந்தால் பனிப்பிரதேசமாக மாறுகிறது, பனிச்சறுக்குப் பலகையோடு வந்தால் ஹவாய். ஒவ்வொரு தடவையும் வாத்துக்கு முன்பே நமக்கு இடம் புரிந்துவிடுகிறது. எத்தனை குறைவான பொருளை வைத்து அது புரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நீள ஓவியத்தை ஒட்டிப் பார்ப்பது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கியவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை.

கேமரா இடமிருந்து வலமாக நகர்வது போலத் தெரியும் காட்சிகளை பான் என்போம். உண்மையில் கேமரா தலைக்கு மேலே அசையாமல் நிற்கும். அடியில் நீளமான ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப்படும். சாதாரண ஷாட்டுக்கு ஓரடி அகலத் தாள் போதும் என்றால், பானுக்கு அதைப்போல மூன்று மடங்கு, ஐந்து மடங்கு. அந்த நீள ஓவியத்தை முழுசாகத் திரையில் யாரும் பார்த்ததே இல்லை. ஜன்னல் வழியாகத் தெரு பார்க்கிற மாதிரித் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் முழுசாகப் பார்க்கலாம். பான் தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட். படத்தில் பாதியளவு நகர்ந்ததும் இன்னொன்று. இப்படியே கடைசிவரை. பிறகு ஏதாவது ஒரு படத் தொகுப்புச் செயலியில் ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்துங்கள். ஒரு ஃப்ரேமில் கேரக்டர் மறைத்த இடம் அடுத்த ஃப்ரேமில் திறந்திருக்கும், அதை எடுத்து இங்கே ஒட்டுங்கள். அண்ணன் மகளோடு சேர்ந்து ரோட் ரன்னர் பாலைவனம் ஒன்றைப் பதினோரு துண்டுகளாக ஒட்டினேன். நடுவில் ஒரு கள்ளிச்செடி மட்டும் பறவைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றது. ஏழு ஃப்ரேம் தேடி, பறவையின் கழுத்துக்குக் கீழே ஒரு சந்தில் அதைப் பிடித்தாள். அச்சடித்து ஒட்டினோம், இப்போது அவள் படிக்கும் மேஜைக்கு மேலே மூன்றடி நீளத்தில் இருக்கிறது.

ஒட்டி முடித்ததும் பாருங்கள், அந்த ஓவியத்துக்கு ஒரு தாளம் இருக்கும். நெருக்கமாக நாலு பாறை, பிறகு வெறும் மணல், பிறகு ஒரு பெரிய தூண், மறுபடி வெறும் மணல். ஓட்டத்தின் வேகத்தை ஓவியர் அதில் எழுதிவைத்திருப்பார்.

சில பான்களை ஒட்டும்போது வலது முனை இடது முனையோடு சரியாகப் பொருந்தும். அது ரிப்பீட் பான். ஓவியத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டலாம். ஹன்னாவும் பார்பேராவும் பிறகு டிவிக்கு எடுத்த படங்களில், 1960-ல் தொடங்கிய ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் உள்பட, வீட்டுக்குள் ஓடுகிறவர் அதே ஜன்னலை ஐந்தாறு தடவை கடப்பார். டிவிக்குப் பணம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களிடம் நான் சொல்வது: ரிப்பீட் பான் வரைவது கஷ்டமான வேலை. நான் நிறைய வரைந்திருக்கிறேன். ஞாபகத்தில் ஒட்டுகிற எதையும் அதில் வைக்கக் கூடாது, வெறுமையாகவும் விடக் கூடாது. ஒரே ஒரு சிவப்புப் பூந்தொட்டி போதும், சுற்று அம்பலமாகிவிடும்.

ஆழமும் இந்த நகர்த்தலில்தான் கிடைக்கிறது. ரயில் ஜன்னலில் பார்த்தால் பக்கத்துக் கம்பம் பறக்கும், தூரத்து மலை நம்மோடு வரும். டிஸ்னி ஸ்டூடியோவில் ஓவியங்களைப் பல கண்ணாடித் தட்டுகளில் இடைவெளிவிட்டு அடுக்கி, மேலிருந்து படம் பிடித்தார்கள். மல்டிபிளேன் கேமரா என்று பெயர். 1937-ல் வந்த 'தி ஓல்ட் மில்' என்ற குறும்படத்தில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அதே வருஷம் 'ஸ்னோ ஒயிட்' படத்தில் பயன்படுத்தினார்கள். பழைய காற்றாலை ஒன்றில் ஒரு ராத்திரி, ஒரு புயல், அவ்வளவுதான் கதை. முன்னால் இருக்கும் நாணலும் பின்னால் இருக்கும் ஆலையும் எத்தனை வேறு வேகத்தில் நகர்கின்றன என்று எண்ணுங்கள்.

நிறம் பேசும் இடங்கள்

ரோட் ரன்னரின் 1949 படத்தையும், 1950-களின் நடுவில் வந்த ஏதாவது ஒன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலாவதில் பாறை பாறையாக இருக்கும், அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தைப் பார்த்து வரைந்த மாதிரி. ராபர்ட் கிரிப்ரூக் லேஅவுட் (இடத்தை யோசித்துக் கோட்டில் வரைவது), பீட்டர் அல்வராடோ ஓவியம். பிந்தையதில் பாறைகள் கத்தரித்து ஒட்டிய காகிதம் மாதிரி இருக்கும், மலை உச்சிகள் நிற்க முடியாத கோணத்தில் நிற்கும், வானம் நீலமாக இருக்கவேண்டிய அவசியமே இருக்காது. அது மாரிஸ் நோபிள் லேஅவுட், ஃபிலிப் டிகார்ட் ஓவியம்.

நோபிள் 1911-ல் பிறந்தவர். டிஸ்னியில் பின்னணி ஓவியராக இருந்தவர். 1941-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார், பிறகு அங்கே நீடிக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் வார்னர் பிரதர்ஸில் சக் ஜோன்ஸின் குழுவுக்கு வந்தார். அவருடைய வேலையை ஒரே படத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1957-ல் வந்த 'வாட்ஸ் ஓப்ரா, டாக்?'. பக்ஸ் பன்னி என்ற முயலும் அதை வேட்டையாடத் துரத்தும் எல்மரும் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்தைப் பாடுகிறார்கள். ஆறேழு நிமிஷத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஷாட்.

தொடக்கத்தில் பாறைச் சுவரில் ஒரு மாபெரும் வீரனின் நிழல் புயலையும் மின்னலையும் ஏவுகிறது. கேமரா கீழே இறங்கினால் அந்த நிழலுக்குச் சொந்தக்காரர் விரல் அளவு எல்மர். சிரிப்பு முழுக்கச் சுவரின் அளவில் இருக்கிறது. பிறகு கோபம் தலைக்கேறும் இடத்தில் நிறம் எப்படி மாறுகிறது என்று ஃப்ரேம் ஃப்ரேமாகப் போங்கள். மாற்றம் வானத்தோடு நிற்காது, எல்மரின் உடம்பே சிவப்பும் ஊதாவுமாகிவிடும். வழக்கமாகக் கேரக்டரின் நிறம் படம் முழுக்க ஒன்றுதான். பின்னணி அதற்கு வழிவிடும். இங்கே பின்னணியின் உணர்ச்சி கேரக்டரின் தோலில் ஏறுகிறது. என் ஒற்றைக் கேள்விக்கு நோபிள் தந்த பதில் வேறு: கேரக்டர் நிறத்துக்கு உள்ளேயே நிற்கலாம்.

இதற்கு ஜோடியாக யுபிஏ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனத்தின் 'ஜெரால்ட் மெக்பாயிங் பாயிங்' பாருங்கள். பேச வராமல் சத்தங்கள் மட்டும் எழுப்பும் ஒரு சின்னப் பையனின் கதை. 1950-ம் ஆண்டுக்கான குறும்பட ஆஸ்கர் வாங்கியது. சுவரும் தரையும் சேரும் கோடுகூட இருக்காது. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, மற்றபடி ஒரே நிறப் பரப்பு. பையனின் மனசு மாற மாற அந்தப் பரப்பு மாறும். பிள்ளை தனியாக இருட்டில் போகும் இடத்தில் நிறுத்தி, பின்னணியில் எத்தனை பொருள் வரைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்தத் தனிமை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

ஒரு காடு, இன்னொரு காடு

ஒரு மான் குட்டியின் கதையான டிஸ்னியின் 'பாம்பி' 1942-ல் வந்தது. தொடக்க முயற்சிகளில் காட்டை இலை இலையாக வரைந்தார்கள், மான் அதற்குள் தொலைந்தது. (என் சமையலறை ஞாபகம் வருகிறதா?) அதைத் தீர்த்தவர் டைரஸ் வோங். 1910-ல் சீனாவின் குவாங்டாங் பகுதியில் பிறந்து, சிறுவனாக அப்பாவோடு அமெரிக்கா வந்தவர். 1938-ல் டிஸ்னியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை நிரப்பும் கீழ்நிலை வேலை. பாம்பி எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானாகவே சின்னச் சின்ன ஓவியங்கள் வரைந்து காட்டினார். சீனாவின் சோங் காலத்து நிலக்காட்சி ஓவிய மரபு அவற்றில் இருந்தது. மான் நிற்கும் இடத்தில் நாலு புல், ஒரு மரத்தண்டு, தெளிவாக. அதைத் தாண்டினால் மூடுபனி. காடு இருக்கிறது என்று தோன்றும், காட்டை வரைந்திருக்க மாட்டார்.

பாம்பியின் ஏதாவது ஒரு காட்டுக் காட்சியை நிறுத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரலை மெதுவாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் விளிம்பு கரைகிறது? எந்த இடத்தில் இலை இலையாக இருப்பது நின்று வெறும் பச்சையாகிறது? அந்த எல்லையை ஒரு தாளில் வட்டமாக வரைந்துகொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள்தான் மான் நடமாடும்.

1959-ல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' இதற்கு நேர் எதிர். ஐவிண்ட் ஏர்ல் அதன் காட்சியமைப்பு முழுவதற்கும் பொறுப்பு. ஐரோப்பாவின் இடைக்காலத் திரைச்சீலைகளையும் கையெழுத்துப் பிரதி ஓவியங்களையும் பார்த்து எடுத்த பாணி. மரங்கள் சதுரமாக வெட்டப்பட்டிருக்கும், நேர்கோடாக உயரும். கிட்டத்துப் பட்டையும் தூரத்து இலையும் ஒரே கூர்மையில் இருக்கும். வழக்கமாக ஒரு நாளில் முடியும் பின்னணி இதில் ஒரு வாரம், பத்து நாள் ஆனது. 70 மில்லிமீட்டர் திரைக்கான படம் என்பதால் அத்தனையும் தெரியும். கேரக்டர்களை இந்தப் பின்னணி விழுங்குகிறது என்று அனிமேட்டர்கள் குறைப்பட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. இளவரசி காட்டில் பாடும்போது என் கண் மரப்பட்டைக்குப் போய்விடுகிறது. இருந்தும் அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெரிய திரையில் போட்டுப் பார்க்கிறேன். வேலியே இல்லாமல் ஒரு ஓவியரைப் படம் முழுக்க நடக்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அளவில் இன்னொரு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பாம்பியின் காட்டை ஒரு நாள் பாருங்கள், இதை மறுநாள். ஒரே நாளில் வேண்டாம், கண் அலுத்துவிடும்.

'நூற்றியொரு டால்மேஷியன்ஸ்' (1961) பற்றி ஒரு சின்னக் குறிப்பு மட்டும். சிவகாசி அச்சில் கலர் கொஞ்சம் நகர்ந்துபோய், உதடு ஓரிடம் உதட்டுச் சிவப்பு ஓரிடமாக வந்த பழைய காலண்டர் பார்த்திருப்பீர்கள். இந்தப் படத்தின் பின்னணியில் அதை வேண்டுமென்றே செய்தார்கள். அடியில் நிறத் திட்டுகள், மேலே செல்லில் ஜெராக்ஸ் எடுத்த கோடு, இரண்டும் சரியாகப் பொருந்தாது. கேரக்டர்களின் பென்சில் கோடும் அந்தப் படத்தில்தான் முழுநீளமாக ஜெராக்ஸுக்கு மாறியது. கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகட்டும் என்றுதான் பின்னணியும் அப்படி.

கையால் பார்ப்பது

கடைசியாக ஒரு வேலை. ஓவியம் வராது என்கிறவர்களும் செய்யலாம். பார்ப்பதற்காகத்தான் இது, யாருக்கும் காட்ட வேண்டாம்.

நிறுத்திவைத்த ஒரு காலி ஃப்ரேமை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதைவிடப் பெரிதாக வேண்டாம், பெரிதானால் கை நுணுக்கத்துக்குப் போகும். பள்ளிக்கூடப் போஸ்டர் கலரில் நாலு நிறம் மட்டும்: வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு நீலம், ஒரு காவி. கறுப்பு கூடாது. பத்து நிமிஷத்துக்கு போனில் அலாரம் வையுங்கள். முதலில் மிகப் பெரிய மூன்று திட்டுகள், வானம், தரை, ஏதாவது ஒரு மொத்தை. அந்த மூன்றுக்கும் நிறம் கலக்கும்போதுதான் தெரியும், நீலம் என்று நினைத்த நிழலில் எவ்வளவு காவி இருக்கிறது, வெள்ளை என்று நினைத்த சுவர் எவ்வளவு மஞ்சள் என்று. அலாரம் அடித்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு ஒரு சின்னத் துண்டு தாளில் ஆள் உருவத்தைக் கத்தரித்து, உங்கள் கட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தால் நிற்கிறது?

நான் என் நோட்டில் இப்படி இருநூறுக்கு மேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழேயும் படத்தின் பெயர், வருஷம், வரைந்தவர் பெயர். வார்னரின் 1950-களின் படங்களில் டைட்டில் அட்டையை நிறுத்தினால் லேஅவுட்டுக்கு ஒரு பெயரும் பேக்ரவுண்டுக்கு ஒரு பெயரும் இருக்கும். முதலாமவர் அந்த இடத்தை யோசித்து வரைந்தவர், இரண்டாமவர் அதற்கு வண்ணம் தந்தவர். இரண்டையும் எழுதுங்கள். பெயர் இல்லாத படமானால் அந்த வரியை காலியாக விடுங்கள். டைரஸ் வோங்கின் பெயர் பாம்பியின் டைட்டிலில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே வருகிறது. படம் வருவதற்கு முன்பே, 1941 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் அந்த வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர்கூட இல்லை. 2016 டிசம்பரில், 106-வது வயதில் காலமானார். என் நோட்டில் பாம்பியின் பக்கங்கள் ஒன்பது இருக்கின்றன. அந்த ஒன்பதிலும் அவர் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.